முதலடி கோணுவது ஏன்?

மாலை வேளையில் காலிமுகத்திடலுக்குச் செல்வோர் அங்கே காணும் காட்சிகள் பல. ஒருபுறம் அலையெறியும் கடல். மறுபுறம் ஓயாத வாகன வரிசை. நடுவே பட்டம் விடும் சிறுவர், இறால் வடை விற்போர், காற்று வாங்க வந்த குடும்பங்கள். வெள்ளவத்தையிலிருந்து வருவோரும் கொட்டாஞ்சேனையிலிருந்து வருவோரும் வேறுபாடின்றி உலாவும் பொதுவெளி அது. அந்த வெளியிலேதான் கொழும்பில் கோல்ப் ஆட்டம் தன் முதலடியை எடுத்து வைத்தது என்பதை இன்று அறிந்தோர் சிலரே.

கொழும்பு கோல்ப் கழகம் 1879ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் உறுப்பினர் முதலில் பந்தடித்த இடம் காலிமுகத்திடலே. மக்கள் நடமாட்டம் மிகுந்த அவ்விடம் இவ்வாட்டத்துக்குப் போதாதென உணர்ந்து, 1896இல் கழகம் பொறளைப் பகுதிக்கு இடம் பெயர்ந்தது. அக்காலத்துத் தேசாதிபதி சேர் ஜோசப் வெஸ்ட் றிஜ்வேயின் பெயரை அப்புதிய ஆடுகளம் பெற்றது. 1928இல் ‘றோயல்’ என்னும் சிறப்பும் கழகத்தின் பெயரோடு சேர்ந்தது. களனிவெளிப் புகையிரதப் பாதை இவ்வாடுகளத்தின் ஊடாகவே செல்வது அதன் தனித்தன்மை. பந்தடிப்போர் ஒருபால் நிற்க, பயணிகளைச் சுமந்த வண்டி மறுபால் ஓடும் காட்சி வேறு நாடுகளில் எளிதிற் காணக் கிடைப்பதன்று.

இவ்வாட்டத்தின் நோக்கம் மிக எளியது. தொலைவிலுள்ள சிறு குழியொன்றினுள், இயன்றவரை குறைந்த அடிகளில், பந்தைச் சேர்த்தல் வேண்டும். நீண்ட பாதைகளில் முதலடி அடிப்பதற்குப் பெரும்பாலோர் கையாளும் கோல் ‘டிரைவர்’ எனப்படும். டிரைவர் என்றவுடன் வாகனம் ஓட்டுபவரை எண்ணிவிடலாகாது. பந்தை நெடுந்தூரம் செலுத்துவதால் அக்கோலுக்கு அப்பெயர் வந்தது. வீரர் பையிலுள்ள கோல்களுள் நீளமானது இதுவே. இதன் தலை பருத்தது. ஆனால் 460 கன சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது என்பது விதி. இதன் முகம் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். பின்னோக்கிய சாய்வு 9 பாகை முதல் 12 பாகை வரையே இருக்கும். புல்லில் ஊன்றிய சிறு முளையின்மேல் பந்தை வைத்து, இக்கோலை வீசி அடிப்பர்.

இந்த முதலடியிலேதான் புதிதாகக் கற்போர் பலர் இடறி விழுகின்றனர். மற்றக் கோல்களை ஓரளவு பழகிக் கொண்டவரும் டிரைவரைக் கையிலெடுத்ததும் கலங்குவர். அதற்குக் காரணமும் உண்டு. கோல் நீண்டதாதலின் அதன் தலை விரைந்து சுழல்கிறது. சிறு பிழையும் பெரும் பிழையாகிறது. முகத்தின் சாய்வு குறைவாதலின் பந்து பெறும் பின்சுழற்சியும் குறைவு. ஆகவே பக்கவாட்டில் இழுக்கும் விசை ஓங்கி நிற்கிறது. குட்டையான கோலில் மறைந்து கிடக்கும் குறையை டிரைவர் ஊரறிய உரைத்துவிடும்.

பயிற்சிக் களத்தில் நிற்கும் இருவரை எண்ணிக் கொள்க. ஒருவர் வெள்ளவத்தையிலிருந்து வரும் அலுவலர். இளமையிற் கிரிக்கெட் ஆடியவர். மற்றவர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த வணிகர், தோள்வலி மிக்கவர். இருவரும் வலக்கைப் பழக்கமுடையோர். அலுவலர் அடிக்கும் பந்து நேரே புறப்படுவது போற் காட்டி, நடுவழியில் வலப்புறம் வளைந்து மரங்களிடையே மறைகிறது. இதனை ‘ஸ்லைஸ்’ என்பர். வணிகரின் பந்தோ ஒருமுறை இடப்புறம் சுருண்டோடுகிறது. மறுமுறை தரையை உராய்ந்து சில அடி தூரம் தவழ்ந்து நிற்கிறது. இடப்புறம் சுருளும் அடிக்கு ‘ஹூக்’ என்று பெயர்.

அலுவலர் தமக்குத் தாமே ஒரு மருந்து கண்டார். பந்து வலப்புறம் போகின்றதாதலின் இடப்புறம் குறி வைத்து நின்றார். பந்து முன்னிலும் அதிகமாக வளைந்தது. இன்னும் இடப்புறம் திரும்பி நின்றார். வளைவு இன்னும் கூடியது. கோலே குறையுடையதென்று முடிவுகட்டி விலையுயர்ந்த புதுக்கோல் வாங்கினார். பணம் போயிற்று, ஸ்லைஸ் போகவில்லை. இது அவர் ஒருவரின் கதையன்று. உலகெங்கும் இவ்வாட்டம் கற்போருள் எண்ணற்றோர் இந்த வட்டத்திற் சிக்கி, ஆண்டுக்கணக்கில் அதனுள்ளேயே சுற்றி வருகின்றனர்.

பந்து ஏன் வளைகிறது என்பதை அறிந்தாலன்றி இவ்வட்டத்தை அறுத்தல் இயலாது. இதனை ஆராய்ந்தோருள் முன்னோடி, எடின்பரோப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் பீற்றர் கத்ரி டெயிற் என்பவர். நன்கு அடிபட்ட பந்து பின்னோக்கிச் சுழன்று கொண்டே பறக்கிறதென்றும், அச்சுழற்சியே அதனை வானில் ஏந்தி நிறுத்துகிறதென்றும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் விளக்கினார். அவர் மைந்தர் பிரெடி டெயிற் 1896இலும் 1898இலும் பிரித்தானியத் தொழில்சாரா வீரர்களின் சாம்பியன் பட்டம் வென்றவர். தந்தை ஏட்டிற் கண்டதை மைந்தர் களத்திற் காட்டினார் எனலாம்.

சுழற்சியின் அச்சு கிடையாக இருக்கும்வரை பந்து நேரே பறக்கும். அவ்வச்சு ஒருபுறம் சாய்ந்தால் பந்தும் அப்புறமே சாயும். காலிமுகத்திடலிற் பறக்கும் பட்டத்தை இங்கே நினைவு கூரலாம். பட்டம் இருபுறமும் சமனாக நிற்கும்போது காற்று அதனை மேலே தூக்குகிறது. ஒருபுறம் சரிந்ததும் அதே காற்று அதனைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்கிறது. தூக்கியதும் இழுத்ததும் ஒரே காற்றுத்தான்; மாறியது பட்டத்தின் நிலையே. பந்தின் நிலையும் அவ்வாறானதே.

அவ்வச்சைச் சாய்ப்பன யாவை? இரண்டைக் கருதுதல் வேண்டும். ஒன்று, பந்தைத் தொடும் கணத்தில் கோலின் முகம் நோக்கும் திசை. மற்றது, அக்கணத்திற் கோலின் தலை செல்லும் வழி. இவ்விரண்டும் ஒன்றியிருந்தால் பந்து வளையாது. வழிக்கு வலப்புறமாக முகம் திரும்பியிருந்தால் பந்து வலப்புறம் வளையும். இடப்புறமாகத் திரும்பியிருந்தால் இடப்புறம் வளையும். பந்து புறப்படும் திசையைத் தீர்மானிப்பது கோல் வீசப்படும் வழியே என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டு வந்தது. இந்நூற்றாண்டில் ராடார்க் கருவிகள் கொண்டு அளந்தபோது அக்கருத்துப் பிழையெனத் தெளிவாயிற்று. புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகமே. டிரைவரைப் பொறுத்தவரை அதன் பங்கு ஐந்தில் நான்குக்குக் குறையாது.

இப்பொழுது அலுவலரின் நிலை விளங்கும். அவர் இடப்புறம் திரும்பி நின்றபோது கோல் செல்லும் வழியும் இடப்புறம் திரும்பிற்று. முகமோ பழையபடி குறியையே நோக்கி நின்றது. வழிக்கும் முகத்துக்கும் இடையிலான கோணம் பெருகியது. பெருகவே வளைவும் பெருகியது. மருந்தென்று அவர் உண்டது நோயை வளர்க்கும் உணவாயிற்று.

முகம் சற்றுப் பிறழ்ந்தால் என்ன கேடு என்று சிலர் எண்ணக்கூடும். புறப்படும் திசை ஒரு பாகை பிறழ்ந்தால் 200 மீற்றர் தூரத்தில் பந்து ஏறத்தாழ மூன்றரை மீற்றர் விலகி விழும். நான்கு பாகை பிறழ்ந்தால் 14 மீற்றர் விலகும். வளைவினால் வரும் விலகல் இதற்கு மேலதிகம். கோல் பந்தைத் தொட்டிருக்கும் நேரமோ ஒரு செக்கனின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கோலை மேலிருந்து கீழே கொணரும் வீச்சு முழுவதுமே கால் செக்கன் அளவில் முடிந்துவிடுகிறது. அந்நேரத்துள் எண்ணித் திருத்துதல் எவராலும் இயலாது. ஆகவே பிழை தோன்றும் இடம் பந்தாயினும், அதனைத் திருத்தும் இடம் பந்தன்று. வீச்சுத் தொடங்குவதற்கு முன்னரே, நிற்கும் நிலையிலும் பிடிக்கும் பிடியிலும் அது திருத்தப்படல் வேண்டும்.

அனுபவமிக்க பயிற்றுநரிடம் அலுவலர் சென்றால் அவர் முதலிற் சொல்வது இதுவாகவே இருக்கும்: “ஐயா, பந்து போன இடத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் உங்கள் இடக்கையைப் பாருங்கள்.”

பிடியே முதற் சோதனை. கோலைப் பிடித்தபடி குனிந்து நோக்கும்போது இடக்கை முட்டியின் கணுக்களுள் இரண்டோ மூன்றோ கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். ஒன்றே தெரிந்தால் கை இடப்புறம் அளவுமீறித் திரும்பியிருக்கிறதென்பது பொருள். அப்பிடியில் முகம் வலப்புறம் நோக்கியே வந்து சேரும். கையைச் சிறிது வலப்புறம் திருப்பிப் பிடித்தல் தக்கது. கோல் உள்ளங்கையின் நடுவே கிடவாமல் விரல்களின் அடியிற் பொருந்துதலும் வேண்டும். பெருவிரலும் சுட்டுவிரலும் கூடும் கோடு வலத்தோளை நோக்கி நிற்குமாயின் பிடி செவ்வையானது. கிரிக்கெட் ஆடிப் பழகியவர் இங்கே விழிப்பாயிருத்தல் நலம். நேரடி ஆட்டத்தில் மட்டையின் முகத்தைப் பந்து செல்லும் திசைக்கே நெடுநேரம் காட்டி நிற்றல் அங்கே சிறப்பு. கோல்பிலோ முன்கைகள் இயல்பாகப் புரண்டு முகத்தைத் திருப்பிவிடுதல் வேண்டும். பிடியை இறுக்கினால் அப்புரளல் தடைப்படும். சிறு குருவியைக் கையிலேந்துவது போல, பறந்துவிடாமலும் நசுங்கிவிடாமலும் பிடிப்பதே அளவு.

நிலை இரண்டாவது சோதனை. இதற்கு றிஜ்வே ஆடுகளத்தினூடே ஓடும் தண்டவாளமே நல்ல பாடம். ஒரு தண்டவாளம் பந்தையும் குறியையும் இணைக்கும் கோடு. மற்றது கால்விரல்கள் நிற்கும் கோடு. இரண்டும் எவ்வளவு தூரம் சென்றாலும் கூடாதவை. தோள்களும் இடுப்பும் இக்கோட்டுக்கு இணையாக நிற்றல் வேண்டும். பயிற்சியின்போது இரண்டு கோல்களைத் தரையிற் கிடத்தி இவ்வமைப்பைச் சரிபார்த்துக் கொள்ளலாம். பந்து இடக் குதிகாலுக்கு நேரே இருத்தல் தக்கது. அதற்கும் முன்னே தள்ளி வைத்தால், அதனை எட்டும் முயற்சியில் தோள்கள் இடப்புறம் திரும்பிவிடும். ஸ்லைஸ் மீண்டும் தலைகாட்டும்.

கீழ்நோக்கிய வீச்சின் தொடக்கம் மூன்றாவது சோதனை. பலமாக அடிக்க வேண்டுமென்ற ஆவலில் கற்போர் வலத்தோளை முதலில் முன்தள்ளுவர். அவ்வாறு தள்ளியதும் கோல் வெளிப்புறமிருந்து உட்புறமாகப் பந்தைக் குறுக்கே அறுத்துச் செல்லும். முறையான வீச்சோ நிலத்திலிருந்து எழுகிறது. முதலில் உடலின் பாரம் இடக்காலுக்கு மாறும். அடுத்து இடுப்புத் திரும்பும். அதன்பின் தோளும் கையும் வரும். ஈற்றிலேயே கோல் வரும். இதனைப் பழகுவதற்கு எளிய வழியொன்றுண்டு. பந்துக்கு அப்பால், ஒரு சாண் தள்ளி, சற்றுப் பின்னே வெற்று அட்டைப்பெட்டி ஒன்றை வைத்துக் கொள்க. வீச்சுக் குறுக்கே வந்தால் கோல் பெட்டியைத் தட்டிவிடும். பெட்டி அசையாதிருக்கும்வரை வழி செம்மையானது.

இனி வணிகரின் குறைகளை நோக்குவோம். ஹூக் என்பது ஸ்லைஸின் மறுதலை. இடக்கைக் கணுக்கள் மூன்றுக்கு மேலே தெரியுமாயின், பிடியைச் சிறிது இடப்புறம் திருப்புதல் வேண்டும். தோள்வலி மிக்கவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அடிக்கும் கணத்தில் அவர்தம் உடல் திரும்பாமல் நின்றுவிடுகிறது. கைகள் மட்டும் முந்திப் பாய்ந்து முகத்தை இடப்புறம் மடக்கிவிடுகின்றன. அடி முடிந்தபின் வயிறும் மார்பும் குறியை நோக்கி நிற்கும்வரை உடல் திரும்பிக்கொண்டே இருக்குமாயின் இக்குறை தணியும்.

பந்து தரையிலே தவழ்வதற்குக் காரணம் கோல் அதன் மேற்பாதியைத் தட்டுதல். “தலையை நிமிர்த்திவிட்டீர்” என்று அருகில் நிற்போர் உடனே தீர்ப்புக் கூறுவர். தலை நிமிர்தல் பெரும்பாலும் விளைவேயன்றிக் காரணமன்று. பலத்தைத் திரட்டும் பரபரப்பில் கைகள் இறுகிக் குறுகுகின்றன. அல்லது குனிந்த முதுகு இடையில் நிமிர்கிறது. அதனால் கோலும் மேலெழுகிறது, தலையும் உடனெழுகிறது. தலையை அழுத்திப் பிடித்து வைத்தால் உடலின் திருப்பம் தடைப்பட்டு முதுகுக்கும் கழுத்துக்குமே துன்பம் விளையும். பாதி விசையோடு, கைகளைத் தளர்த்தி, இருபது பந்துகளை மெதுவாக அடித்துப் பழகுதலே இதற்கு மருந்து.

பந்து நெடுந்தூரம் செல்லாது வானோக்கி நிமிர்ந்தெழுந்து அருகில் விழுமாயின், கோலின் தலை பந்தின் அடியிற் புகுந்துவிட்டதென்பது பொருள். முளை அளவுக்கு மேல் உயர்ந்திருக்கலாம். அல்லது கோல் மேலிருந்து செங்குத்தாக இறங்கியிருக்கலாம். தலையைத் தரையில் வைத்துப் பார்க்கும்போது பந்தின் பாதி அதன் மேல்விளிம்புக்கு மேலே தெரிதல் போதிய உயரம். நிற்கும்போது வலத்தோள் சற்றுத் தாழ்ந்திருந்தால் கோல் பந்தைக் கீழ்நோக்கி வெட்டாமல் மேல்நோக்கி வாரிச் செல்லும்.

பந்து கோலின் முகத்தில் எவ்விடத்திற் படுகிறதென்பதும் அறியத்தக்கது. காம்பை அடுத்த பகுதியிற் பட்டால் வலப்புற வளைவு கூடும். நுனிப்பகுதியிற் பட்டால் இடப்புற வளைவு கூடும். பிடியும் நிலையும் செம்மையாயிருந்தும் பந்து வளையுமாயின் இதனை ஐயுறுதல் வேண்டும். சோதிப்பதற்கு வகுப்பறைச் சுண்ணக்கட்டி ஒன்று போதும். முகத்தில் அதனை மெல்லப் பூசி அடித்தால், பந்து தொட்ட இடம் தெளிவாகத் தெரியும். ஐந்து அடிகளின் தடத்தைப் பார்த்தபின் பேசுவதே முறை. ஓரடியைக் கண்டு தீர்ப்பளித்தல் தவறு.

இவை அனைத்தையும் ஒரே நாளில் திருத்த முயல்வோர் ஒன்றையும் திருத்துவதில்லை. பிடியை மாற்றினால் சில நாள் பிடியை மட்டுமே கவனித்தல் வேண்டும். புதுப்பிடி கைக்கு அந்நியமாகத் தோன்றும். முதற் சில நாட்களில் அடி முன்னிலும் மோசமாதலும் உண்டு. அங்கே மனந்தளர்ந்து பழைய பிடிக்கு மீள்வோரே மிகப் பலர். தொடங்குமுன் உடலை அசைத்து இளக்கிக் கொள்ளுதலும் மறக்கத்தக்கதன்று. கோல்ப் ஆடுவோரைப் பெரிதும் வருத்துவது இடுப்பை அடுத்த முதுகுவலி. பிழையான வீச்சை வலிமையால் ஈடுசெய்ய முயல்வோரை அது விரைவிற் பற்றிக் கொள்ளும்.

கோணலடி அடித்தவருக்கு மட்டும் தீங்கு செய்வதன்று. மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் வீசிய கோல் பந்தை 220 கிலோமீற்றருக்கு அண்மித்த வேகத்திற் செலுத்தும். 46 கிராமுக்குச் சற்றே குறைந்த அக்கடினப் பந்து மனிதர்மேற் பட்டால் விளையும் துன்பத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின் பந்து வழிதவறியதும் ‘போர்!’ என்று உரக்கக் கூவுதல் உலக வழக்கு. தமிழ்ச் செவிக்கு அது யுத்த அறைகூவல் போல் ஒலிப்பினும், உண்மையில் அயலாரைக் காக்கும் எச்சரிக்கையே.

இலங்கையின் தொழில்முறை வீரர் பலர் பிறருடைய கோற்பையைச் சுமந்து இவ்வாட்டத்துள் நுழைந்தவர்கள். புதுக்கோல் வாங்கப் பணமில்லை. பயிற்றுநருக்குக் கொடுக்கவும் வகையில்லை. அடி பிழைத்தால் கோலைக் குறை கூறும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை. ஏன் பிழைத்தது என்று தேடும் கடமையே இருந்தது. நல்லவர் அடிப்பதையும் தவறுவதையும் நாள்தோறும் அருகிருந்து பார்த்தார்கள். பார்த்ததைத் தம் கையிற் சோதித்தார்கள். அவர்களுக்கு இது பொழுதுபோக்கன்று. வீட்டில் அடுப்பெரிவதற்குரிய தொழில். 2002ஆம் ஆண்டு பூசானில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் தனிநபர் கோல்ப் போட்டியில் அனுர றோகண வெள்ளிப் பதக்கம் பெற்றபோது இச்சிறு நாட்டின் பெயர் ஆசியாவெங்கும் ஒலித்தது. இந்தியத் தொழில்முறைச் சுற்றுகளில் ஆடிப் பெயர் பெற்ற தங்கராஜா போன்ற தமிழரும் இந்நாட்டு வீரர் வரிசையில் இடம்பெற்றுள்ளனர்.

வெள்ளவத்தை அலுவலரும் கொட்டாஞ்சேனை வணிகரும் இவர்களிடமிருந்து பெறத்தக்க பாடம் ஒன்றே. பந்து வளைவது ஒரு செய்தி. அச்செய்தியைக் கொண்டு வந்ததற்காகக் கோலை நோவதும், அதற்கஞ்சி வேறு திசையிற் குறி வைப்பதும் பயன்தரா. வந்த வழியே திரும்பிச் சென்று, முகத்தையும் வழியையும் நிலையையும் பிடியையும் ஒவ்வொன்றாக வினவினால், பிழை எங்கே பிறந்ததோ அங்கே அதனைக் காணலாம். அவ்வாறு காண்பதற்குச் செலவாவது சிறிது சுண்ணமும், ஒரு வெற்றுப் பெட்டியும், சில மாதப் பொறுமையுமே.